ஹக்பாட் மடமும் ஒரு றங்குப்பெட்டியும்

ஆர்மேனியாவின் வடக்கே, டெபெட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேலே ஹக்பாட் மடம் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட மடம். மதில் சூழ்ந்த வளவுக்குள் தேவாலயம், மணிக்கோபுரம், உணவுக்கூடம், நூலகம். கடந்த கோடையில் இக்காஸ்டிலிருந்து அங்கே போனபோது நான் அதிக நேரம் நின்றது நூலகத்தில்தான். அங்கே ஒரு புத்தகமும் இல்லை. கூரைத் திறப்பினூடாக வெளிச்சம் விழுகிறது. தரையில் பெரிய மண்சாடிகள் கழுத்துவரை புதைந்து கிடக்கின்றன. பிற்காலத்தில் அந்த அறை களஞ்சியமாகிவிட்டதாம்.

ஆர்மேனிய மடங்களில் எழுதப்பட்டவற்றில் தப்பிய ஏடுகள் பல இன்று தலைநகர் எரவானில், மாத்தெனதரான் என்ற சுவடிக்காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றுள் பெரியது, 1200க்கும் 1202க்கும் இடையில் கன்றுத்தோலில் எழுதப்பட்ட முஷ் நகரப் பிரசங்க நூல். ஏறத்தாழ 28 கிலோ. 1915 இனப்படுகொலையின்போது முஷ் மடத்தின் இடிபாடுகளுக்குள் அதைக் கண்ட இரண்டு பெண்கள், தனியே தூக்க முடியாமல் இரண்டாகப் பிரித்துச் சுமந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. ஒரு பாதி எச்மியாட்சின் வந்து சேர்ந்தது. மற்றப் பாதி எர்சுரூமில் புதைக்கப்பட்டுப் பின்னர் கிடைத்தது.

இந்தக் கதையைக் கேட்பவர்கள் நெகிழ்ந்துபோவார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களை எரியக்கொடுத்த நாங்கள் நெகிழாமல் இருப்போமா? ஆனால் எனக்கு நெகிழ்ச்சியோடு வேறொன்றும் வந்தது.

1995 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. எங்களிடம் ஒரேயொரு சைக்கிள். அதன் கரியரில் அப்பா ஒரு றங்குப்பெட்டியைக் கட்டியிருந்தார். உள்ளே அப்பப்பாவின் வைத்தியக் குறிப்புக் கொப்பிகள். செம்மணிக்குக் கிட்ட, மழைச் சேற்றில், எங்கள் அயலில் இருந்த ஆச்சி ஒருவர் வீதியோரம் குந்தியிருந்தார். "தம்பி, என்னையும் ஏத்திக்கொண்டு போவன்" என்றார். அப்பா நின்றார். பெட்டியைப் பார்த்தார். பின்னால் சனம் நெருக்கியது. பிறகு சைக்கிளை உருட்டத் தொடங்கினார். அந்த ஆச்சி பாலத்தைக் கடந்தாரா என்று எங்களுக்குத் தெரியாது.

பெட்டி வன்னி, கொழும்பு எல்லாம் அலைந்து, எங்களோடு இக்காஸ்ட் வந்து சேர்ந்தது. வீட்டின் கீழறையில் இருக்கிறது.

நூலா, ஆளா என்று கேட்டால், ஆள் ஒரு தலைமுறை, நூல் பல தலைமுறை என்று கணக்குச் சொல்லலாம். நானும் அப்பாவுக்காக மனதுக்குள் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்தக் கணக்கைப் போடுவது எப்போதும் சைக்கிள் வைத்திருப்பவன். வீதியோரம் குந்தியிருப்பவரிடம் யாரும் விடை கேட்பதில்லை.

நாங்கள் வாழும் இதே ஜட்லாந்தில் 1876இல் பிறந்தவர் காரன் ஜெப்பே. 1903இல் உர்ஃபா நகருக்குப் போய், ஆர்மேனிய அநாதைப் பிள்ளைகளோடு வாழ்ந்தார். 1915இல் தன் வீட்டுத் தரைக்குக் கீழே ஆட்களை ஒளித்து வைத்தார். ஹக்பாட்டில் தரைக்குள் புதைந்த சாடிகளைப் பார்த்தபோது எனக்கு அவருடைய நினைவுதான் வந்தது. இடம் கொஞ்சமாக இருக்கும்போது அதில் யாரை, எதை வைக்கிறோம் என்பதில் நாம் யார் என்பது தெரிந்துவிடுகிறது.

அப்படியென்றால் அப்பா செய்தது பிழையா? பிழை என்றுதான் நினைக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது. ஆனால் பிழையோடு வந்த பொருளை என்ன செய்வது என்பது இன்னொரு கேள்வி. எறிந்தால் ஆச்சிக்கு நியாயம் கிடைத்துவிடாது. பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தால் அது பொய். எங்கள் பிள்ளைகளால் அந்தக் கொப்பிகளை வாசிக்கவும் முடியாது. வாசிக்காத நூலுக்காக ஓர் ஆளை விட்டுவிட்டு வந்தோம் என்றால், பிழை இரண்டாகிறது.

ஆர்மேனிய எழுத்தர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஏட்டைப் படியெடுத்து முடித்ததும், கடைசியில் நினைவுக்குறிப்பு ஒன்று எழுதுவார்கள். யார் எழுதியது, யாருக்காக, அப்போது என்ன போர், என்ன பஞ்சம், யாருக்காக வாசிப்பவர் மன்றாட வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். நூலுக்கு ஆன செலவை அவர்கள் மறைக்கவில்லை.

திரும்பி வந்ததும் பெட்டியைத் திறந்தேன். கொப்பிகளை ஒவ்வொன்றாகக் கணினியில் தட்டச்சுச் செய்யத் தொடங்கியிருக்கிறேன். முதல் கொப்பி முடிந்த அன்று அப்பாவிடம் போய், அந்த ஆச்சியின் பெயர் என்ன என்று கேட்டேன். மறந்திருப்பார் என்று நினைத்தேன். முழுப்பெயரையும், அவருடைய வீட்டுப் படலையடியில் நின்ற வேப்பமரத்தையும் சொன்னார். பிறகு நெடுநேரம் பேசவில்லை.

கடைசிப் பக்கத்தில் அந்தப் பெயரை எழுதினேன்.