குடும்ப உதவித்தொகை உச்சவரம்பும் அறமும்

முன்னுரை

வறியோரைக் காப்பது அரசின் கடமை என்பது இன்று பெரிதும் ஏற்கப்பட்ட கருத்தாகும். எந்த அளவிற்குக் காப்பது என்பதிலேயே கருத்து வேறுபாடு எழுகின்றது. ஒரு குடும்பம் பெறும் அரசு உதவிகளைக் கூட்டி, அம்மொத்தத் தொகைக்கு எல்லை வகுப்பது அறமாகுமா என்னும் வினா பிரித்தானிய நடைமுறையை முன்வைத்து இங்கு ஆராயப்படுகிறது.

வரம்பின் இயல்பு

2012ஆம் ஆண்டின் நலச் சீர்திருத்தச் சட்டம் இவ்வரம்புக்கு வழிவகுத்தது. 2013இல் குடும்பம் ஒன்றுக்கு வாரம் 500 பவுண்டு என வரையறுக்கப்பட்டது. 2016இல் ஆண்டுக்கு இலண்டனில் 23,000, பிற பகுதிகளில் 20,000 பவுண்டு எனக் குறைக்கப்பட்டு, 2023இல் முறையே 25,323, 22,020 என உயர்த்தப்பட்டது. குறிப்பிட்ட அளவு ஊதியம் ஈட்டுவோர், மாற்றுத்திறனாளிகளுக்கான சில உதவிகளைப் பெறுவோர் ஆகியோர்க்கு விலக்கு உண்டு.

இருதரப்பு வாதங்கள்

உழைக்கும் குடும்பத்தின் சராசரி ஊதியத்தைவிட உழைக்காத குடும்பம் மிகுதியாகப் பெறுதல் முறையன்று என்பது இதனை ஆதரிப்போர் வாதம். வரி செலுத்துவோரின் நியாய உணர்வில் வேரூன்றிய இவ்வாதத்தைப் புறந்தள்ள இயலாது. எனினும் ஒப்பீட்டில் குறை உள்ளது. உழைக்கும் குடும்பமும் ஊதியத்திற்கு மேல் குழந்தைகளுக்கான உதவியைப் பெறக்கூடும். ஒருபுறம் ஊதியத்தை மட்டும், மறுபுறம் உதவிகள் அனைத்தையும் நிறுத்தல் நடுநிலை ஆகாது. மேலும், இரு குழந்தைகள் உள்ள வீட்டிற்கும் ஐந்து குழந்தைகள் உள்ள வீட்டிற்கும் வரம்பு ஒன்றே. ஆள் பெருகத் தேவை பெருகும், வரம்பு பெருகுவதில்லை. உதவியின் பெரும்பகுதி வாடகையாக வீட்டு உரிமையாளரைச் சேரும் நிலையில், வாடகை உயர்வின் சுமையும் வறியோர் மீதே விழுகிறது.

2015இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் வரம்பு செல்லும் எனத் தீர்ப்பளித்தது. ஆயினும் ஐவருள் மூவர், அது குழந்தை உரிமைகள் உடன்படிக்கைக்கு இணங்கவில்லை எனக் கருதினர். சட்டத்தில் நிற்பது அறத்திலும் நிற்கும் எனக் கொள்ள இயலாமையை இது காட்டுகிறது.

முடிவுரை

திருக்குறள் ஒப்புரவறிதலையும் ஈகையையும் தனித்தனி அதிகாரங்களாக வகுக்கின்றது. அரசுதவியை ஈகையாகக் கொண்டால் கொடுப்போரே அளவை வகுக்கலாம். ஒப்புரவாகக் கொண்டால் தேவையே அளவாகும். பொதுநிதிக்கு எல்லை உண்டு என்பது உண்மை. ஆனால் பெற்றோரை வேலைக்குத் தூண்டும் பொருட்டு, அம்முடிவில் பங்கில்லாத குழந்தையின் உணவைக் குறைத்தல் குழந்தையைக் கருவியாக்குவதாகும். எனவே, தேவையை நோக்கி வகுக்கப்படும் வரம்பே அறத்தொடு பொருந்தும் எனலாம்.