தகுதி வழக்கு

ஒரு வார்த்தையின் அர்த்தம் தெரிந்துவிட்டால் அதை உபயோகிக்கும் உரிமையும் கூடவே வந்துவிடுகிறதா? கேள்வியே அபத்தமாகத் தோன்றலாம். அகராதி எல்லோருக்கும் பொது, வார்த்தைக்குச் சொந்தக்காரன் என்று யாரும் கிடையாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எண்பதுகளின் நடுவில், கிழக்கு லண்டனில் ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கெழுதிக்கொண்டிருந்த எட்டு மாதங்களில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

நான் ஊரிலிருந்து கொண்டுபோனது புத்தக ஆங்கிலம். அதை வைத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதலாம். டீ குடிக்கிற இடத்தில் நாலு பேருடன் உட்கார முடியாது. இந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள நான் செய்தது படிப்பாளிகளுக்கே உரிய காரியம். எரிக் பார்ட்ரிஜ் 1937-ல் வெளியிட்ட கொச்சைமொழி அகராதியை நூலகத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

அதில் என்னை மிகவும் கவர்ந்தது காக்னி மக்களின் இயைபுக் கொச்சை. 'ஸ்டேர்ஸ்' என்ற மாடிப்படிக்கு, அதனுடன் ஒலி இயையும் 'ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்' என்ற தொடரைச் சொல்வார்கள். பிறகு இயைபு உள்ள பின்பாதியை விழுங்கிவிட்டு வெறும் 'ஆப்பிள்ஸ்' என்பார்கள். நண்பனைக் குறிக்கும் 'மேட்', 'சைனா பிளேட்' ஆகி, கடைசியில் 'சைனா' மட்டும் மிஞ்சும். பார்வை என்ற 'லுக்', 'புட்சர்ஸ் ஹுக்' ஆகி, 'புட்சர்ஸ்' என்று நிற்கும். எந்தப் பாதி அர்த்தத்தைக் காட்டிக்கொடுக்குமோ அதையே மறைத்துவிடுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மத்தியில் லண்டன் தெருவியாபாரிகளிடம் புழங்கிய பேச்சு இது. 1859-ல் ஹாட்டன் வெளியிட்ட அகராதியிலேயே பதிவாகிவிட்டது.

கிடங்கில் என்னுடன் இருந்த ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர். பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். மதிய வேளைகளில் என்னிடம் நிறையப் பேசுவார். யுத்தத்தில் குண்டு விழுந்த இரவுகள், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அவருடைய அப்பா, காலையில் வேலை கிடைக்குமா என்று வாசலில் காத்து நின்ற கூட்டம். பாதி புரியாது, கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாள் காலை அவரை 'சைனா' என்று கூப்பிட்டேன். உச்சரிப்பு சரி, இடமும் சரி. அவர் என்னைப் பார்த்தார், சிரித்தார். அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து என்னிடம் அவர் பேசுகிற ஆங்கிலம் மாறிவிட்டது. விழுங்கும் எழுத்துக்களையெல்லாம் முழுசாக உச்சரித்தார், மேலதிகாரியிடம் பேசுகிற மாதிரி. கதைகள் நின்றுபோயின.

நான் நெருங்குவதாக நினைத்துச் செய்த காரியம் அவர் காதில் கேலியாக விழுந்திருக்க வேண்டும். ஷாவின் 'பிக்மேலியன்' 1914-ல் லண்டன் மேடைக்கு வந்தபோது, பூக்காரியின் காக்னி பேச்சு திருத்தப்பட வேண்டிய பேச்சாகத்தான் சபையின் முன் நின்றது. தன் பேச்சைப் பிறர் நடித்துக் காட்டுவதைப் பார்த்தே வளர்ந்த ஒருவருக்கு, உறவு கொண்டாடுகிறவனின் குரலும் நடிக்கிறவனின் குரலும் ஒன்றாகவே கேட்கும். வித்தியாசம் என் மனசுக்குள் இருந்தது, ஒலியில் இல்லை.

அர்த்தம் தெரிவதல்ல விஷயம் என்பதற்கு இன்னொரு சாட்சி 'பெர்க்' என்ற சொல். மடையன் என்ற அளவில் கண்ணியமான ஆங்கிலேயர்களும் இதைச் சொல்வார்கள். 'பெர்க்லி ஹண்ட்' என்ற தொடரின் மிச்சம் இது. மறைந்துபோன பாதி, பெண்குறியைச் சுட்டும் கெட்டவார்த்தைக்கு இயைபு. மூலம் தெரியாமல் சொல்கிறவர்களால் யாரும் புண்படுவதில்லை. எல்லாம் தெரிந்து சொன்ன நான் புண்படுத்திவிட்டேன்.

நம் இலக்கணக்காரர்கள் இதைத் தொட்டிருக்கிறார்கள். நன்னூல் குழூஉக்குறியைத் தகுதி வழக்கின் மூன்று வகைகளில் ஒன்றாக வைக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும் வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் வழிவழியாக வரும் உதாரணங்கள். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது, பறி என்றால் பொன் என்று தெரிந்துகொண்டதோடு சரி. பொற்கொல்லனுக்குப் பொன்னை மறைத்துச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன, அப்போது எதிரே உட்கார்ந்திருந்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. தகுதி என்று இலக்கணம் சொல்வது சொல்லின் தகுதியை. சொல்கிறவனின் தகுதியைப் பற்றிய கேள்வியும் அந்தப் பெயருக்குள் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது.

ஆனால் இதில் ஒரு ஆபத்து உண்டு. இந்தச் சொல் இந்தக் கூட்டத்தில் பிறந்தவனுக்கே என்றால் அது ஜாதி. இங்கே மறுக்கிற பிறப்புரிமையை லண்டன் தெருவில் மட்டும் ஒப்புக்கொள்வானேன்? காக்னிகளுக்கும் இப்படி ஒரு விதி இருக்கிறது: செயின்ட் மேரி-லெ-போ ஆலயத்தின் மணியோசை கேட்கும் தூரத்தில் பிறந்தவனே காக்னி. 1941-ல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் அந்த மணிகள் அழிந்தன. புதிய மணிகள் ஒலித்தது 1961-ல். இடைப்பட்ட இருபது வருஷங்களில் விதிப்படி ஒரு காக்னிகூடப் பிறந்திருக்க முடியாது. ஆனால் பிறந்தார்கள், பேசினார்கள். ஆக, பிறப்பு என்பது கதை. சேர்ந்து உழைத்ததும் சேர்ந்து பயந்ததும் மேலே இருப்பவனைச் சேர்ந்து கேலி செய்ததும்தான் அந்தப் பேச்சை உண்டாக்கின. நான் இதில் எதிலும் பங்குகொள்ளாமல் விளைச்சலை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

சில கொச்சைகள் வேடிக்கைக்கு அல்ல, உயிர்ப்பாதுகாப்புக்கு. ஆணும் ஆணும் உறவுகொள்வது குற்றமாக இருந்த காலத்தில் பிரிட்டனில் அத்தகைய ஆண்கள் 'போலாரி' என்ற குழுமொழியைப் பேசினார்கள். இத்தாலியன், ரோமானி, நாடகக்காரர்களின் பேச்சு எல்லாம் கலந்த மொழி. பக்கத்தில் நிற்கிறவனுக்குப் புரியக்கூடாது என்பதே அதன் இலக்கணம். 1965 முதல் 1968 வரை பி.பி.சி. வானொலியில் 'ரவுண்ட் தி ஹார்ன்' நிகழ்ச்சி அந்த மொழியை நாடு முழுக்கச் சிரிக்க வைத்தது. 1967-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் தளர்ந்தது. எழுபதுகளில் போலாரி தேய்ந்துபோனது. எல்லோருக்கும் புரிந்ததால் செத்ததா, தேவை தீர்ந்ததால் செத்ததா? இரண்டும்தான். இதில் துக்கப்படுவதா சந்தோஷப்படுவதா என்று வெளியில் இருக்கிற நான் தீர்மானிக்க முடியாது.

எடுத்துக்கொள்கிறவன் எங்கே நிற்கிறான் என்பதையும் பார்க்க வேண்டும். 1886-ல் வந்த யூல், பர்னெல் இருவரின் 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதியில் 'கான்ஜி ஹவுஸ்' என்று ஒரு சொல் இருக்கிறது. பட்டாளத்துச் சிறைக்கொட்டடிக்குச் சிப்பாய்கள் வைத்த பெயர். உள்ளே இருப்பவனுக்குக் கஞ்சிதான். அகராதியின் பெயரே மொகரம் ஊர்வலத்தில் ஹஸன், ஹுஸைன் பெயர்களைச் சொல்லி மார்பில் அடித்து அழுத குரலை வெள்ளைச் சிப்பாய்கள் தப்பாகக் கேட்டதில் பிறந்தது. ஒரு துக்கம், கேட்டவனின் வாயில் கொண்டாட்டக் கூச்சலுக்குப் பெயராகிவிட்டது. நான் பட்டாளத்துக்காரன் இல்லை. ஆனாலும் அகராதியும் கையுமாக அந்தக் கிடங்குக்குள் நுழைந்தபோது, அந்தச் சிப்பாயிடமிருந்து எத்தனை தூரத்தில் இருந்தேன்?

கொச்சையைப் பிறப்பாலும் அடைய முடியாது, படிப்பாலும் அடைய முடியாது; ஒருவர் கொடுத்தால்தான் உண்டு என்று இப்போது நினைக்கிறேன். அதுவரை காதால் கற்கலாம். இதற்கும் ஒரு விலை இருக்கிறது. எல்லோரும் கொடுப்பதற்காகக் காத்திருந்தால் யாரும் யாரையும் நெருங்க முடியாது. என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

நான் வேலையை விட்ட நாளன்று அவர் ஒரு பழைய போட்டோவைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். துறைமுகத்தில் தொப்பி வைத்த நாலு பேர். ஒருவர் அவருடைய அப்பா. "ஹாவ் எ புட்சர்ஸ்" என்றார். தெரிந்து சொன்னாரா, வாயில் வந்துவிட்டதா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. வாங்கிப் பார்த்தேன். மூன்றாவதாக நிற்பவர்தானே உங்கள் அப்பா என்று என் புத்தக ஆங்கிலத்தில் கேட்டேன்.