பிணையில்லாப் பணம்

இணையவழி விற்பனையாளர் ஒருவருடைய வங்கிக் கணக்குக்கு முன்கூட்டியே பணம் அனுப்பிய பின் பொருளும் வராமல், அழைப்பை எடுப்பாரும் இல்லாமல் போகும்போது, இழந்தவரின் காதில் முதலில் விழும் ஆறுதல், அது போன சென்மத்துக் கடன், கொடுத்துத் தீர்ந்தது என்பதாகும். இந்த ஆறுதலில் இரக்கம் உண்டு. ஆயினும் அது ஒரு மெய்யியல் வாதமும் ஆகும். வாதம் என்ற அளவில் அது நிற்காது.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுக்கிறது. பல பிறவிகளில் திரண்டு கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென வந்தது பிராரத்தம். அதை நுகரும்போதே புதிதாக ஏறுவது ஆகாமியம். இழந்தவருடைய துன்பத்தைப் பிராரத்தம் என்று கொண்டாலும், அதே நிகழ்ச்சி, பணத்தை வாங்கிக்கொண்டு வாய்மூடியவருக்கு ஆகாமியமாகவே ஏறுகிறது. ஒருவருடைய ஊழுக்குக் கருவியானேன் என்று சொல்லி மற்றவர் தம் செயலிலிருந்து விலகிக்கொள்ள அக்கோட்பாட்டில் இடமில்லை. புகார் எழுதுவதும் எழுதாமல் விடுவதும் இழந்தவருடைய புதுவினைகளே ஆகையால், ஊழைக் காட்டி அவரை அடங்கியிருக்கச் சொல்வதும் ஒரு செயலைச் செய்யச் சொல்வதே.

மன்னித்து விடலாமே என்பது இதனினும் வலிய வாதம். மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கிறித்தவரான குமரி மாவட்டத்தில் இவ்வாதத்துக்குத் தனி வலிமை உண்டு. இயேசு கற்பித்த செபம், மத்தேயு நற்செய்தியில் உள்ள வடிவில், பிழையைக் கடன் என்னும் சொல்லாலேயே குறிக்கிறது. ஆனால் கடனை மன்னிக்க ஒரு கடனாளி வேண்டும். பெயர் தெரியாத, தான் பட்ட கடனை ஒப்புக்கொள்ளவும் முன்வராத ஒருவருக்கு அளிக்கப்படும் மன்னிப்பு, மீட்க இயலாமையிலிருந்து பிரித்தறிய முடியாதது.

பொறுப்புக்கு உரியவர் முன்னே வந்து நிற்க வேண்டும் என்பதற்கு அதே மாவட்டத்தில் பழைய சான்று உண்டு. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் முற்காலத்தில் கைமுக்கு என்னும் சோதனை நடந்துவந்தது. ஒழுக்கக்கேட்டுக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, கொதிக்கும் நெய்யில் கையை முக்கி, உள்ளே இடப்பட்ட சிறு உருவை எடுக்க வேண்டும். கை வெந்ததா இல்லையா என்பதே தீர்ப்பு. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் (1829–1846) ஆட்சியில் ஒழிக்கப்பட்ட இக்கொடுமைக்காக வருந்த எதுவுமில்லை. எனினும் அதன் அமைப்பு கவனத்துக்குரியது: தெய்வமே தீர்ப்பளிப்பதாக நம்பப்பட்ட இடத்திலும், குற்றம் சாட்டப்பட்டவர் நேரில் வந்து தம் கையை நீட்ட வேண்டியிருந்தது.

இதைவிட நெருங்கிய சான்று முப்பந்தலில் உள்ளது. ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றாலைகளுக்கு நடுவே கோயில் கொண்டுள்ள இசக்கியம்மனின் கதை, கொடை விழாக்களில் வில்லுப்பாட்டாகப் பாடப்படுவது. நம்பியவனாலேயே நகைக்காகக் கொல்லப்பட்ட பெண்ணின் கதையான அது, திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் வழங்கும் நீலி கதையோடு உறவுடையது. தன்னைக் கொன்று, மறுபிறவியில் வணிகனாக வந்தவனை, கைக்குழந்தையோடு வந்த நீலி தன் கணவன் என்று வழக்காட, அவள் சொல்லை நம்பிய வேளாளர் எழுபதுபேர், அவனுக்குத் தீங்கு நேர்ந்தால் தம் உயிரே பிணை என்று சொல்லி அவளோடு அனுப்பினர்; அவன் கொல்லப்பட்டபோது சொன்ன சொல் தவறாமல் தீப்பாய்ந்தனர். பிணை என்பது, மூன்றாமவர் ஒருவர் பிறர் நடத்தைக்காகத் தம்மையே ஈடாக நிறுத்துவது. அந்த எழுபதுபேரும் பொய் சொன்னவர்கள் அல்லர், பொய்யை நம்பியவர்கள். அறியாமை தங்களை விடுவிக்கும் என்று அவர்கள் வாதிடவில்லை.

வங்கிப் பரிமாற்றத்தில் வங்கி என்னும் மூன்றாமவர் இருக்கிறார், பிணை இல்லை. நெஃப்ட் முறையில் பணம் கணக்கு எண்ணை மட்டுமே நோக்கிச் செல்கிறது. பெறுபவரின் பெயரை அனுப்புபவருக்கு முன்னதாகக் காட்டும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் செய்து தருமாறு ரிசர்வ் வங்கி பணித்ததே அண்மையில்தான். கடன் அட்டையில் உள்ள சார்ஜ்பேக், அதாவது பொருள் வராதபோது தொகையைத் திரும்பக் கோரும் ஏற்பாடு, இங்கில்லை. வாடிக்கையாளரின் பொறுப்பை வரையறுக்கும் ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையும், அவருடைய அனுமதியின்றி எடுக்கப்பட்ட பணத்தைப் பற்றியதேயன்றி, அவரே ஒப்பி அனுப்பியதைப் பற்றியதன்று. நம்பி அனுப்பியவர், நம்பியதாலேயே பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறார்.

பதிலின்மை எதற்குச் சான்று என்பதும் எளிய வினாவன்று. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு கூறும் ஏமாற்றுதல், வாக்களித்த கணத்திலேயே வஞ்ச எண்ணம் இருந்ததா என்பதைப் பொறுத்தது. பின்னர் நொடித்தவரும் நோயில் கிடப்பவரும் அதே மௌனத்தைத்தான் காக்கின்றனர். அதனால்தான் இரண்டு வாயில்கள் உள்ளன. வஞ்சம் என்று ஐயுற்றால் 1930 என்னும் எண்ணை அழைத்தும் வங்கிக்கு எழுதியும், பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் அதை நிறுத்திவைக்க முயல வேண்டும். இதில் நாள்கணக்கன்று, மணிக்கணக்கே முக்கியம். வாக்குத் தவறியவர் என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையமே வழி: 2019ஆம் ஆண்டுச் சட்டம் வாங்கியவர் தாம் வாழும் ஊரிலேயே வழக்கிட இடம் தருகிறது, 2 ஆண்டுக் காலவரை உண்டு, செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை.

முதல் வாயிலில் ஓர் அறச்சிக்கல் ஒளிந்திருக்கிறது. பறிபோன பணம் பல கணக்குகள் வழியே ஓடும்போது, அதில் ஒரு துளியைப் பொருளின் விலையாகப் பெற்ற சிறுகடைக்காரரின் கணக்கும் முழுமையாக முடக்கப்பட்டதுண்டு. கேரள உயர் நீதிமன்றம் 2023இல், வழக்குக்குரிய தொகையளவுக்கு மட்டும் முடக்கம் இருக்கட்டும் என்று வரையறுத்தது. தாமே முன்வந்து பிணை நின்ற எழுபதுபேருக்கும், கேட்காமலே பிணையாக்கப்பட்ட இக்கடைக்காரருக்கும் உள்ள தொலைவை நோக்கினால், மீட்பைக் கோருபவரின் உரிமைக்கும் எல்லை உண்டு என்பது தெளிவாகும். அவர் தேட வேண்டியது எங்கோ உள்ள ஏதோ ஒரு தொகையையன்று, வாக்களித்த அந்த ஒருவரை.

நுகர்வோர் ஆணையத்தின் மனுவில் எதிர்த்தரப்பினரின் பெயருக்கும் முகவரிக்கும் இடம் விடப்பட்டிருக்கும். கணக்கு எண்ணையும் கைபேசி எண்ணையும் தவிர வேறொன்றும் அறியாமல் வருபவருக்கு நிரப்பக் கடினமான இடம் அதுவே. அவர் கடைசியில் மன்னிக்கத் துணிந்தாலும், யாரை என்பதற்கு அந்த இடத்தையே நிரப்பியாக வேண்டும்.