கயிறு பிடிக்கும் கை

இதழியல் படிக்கிற தம்பி ஒருவன், தூத்துக்குடிக்காரன், உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு அக்காவைப் பேட்டி எடுத்திருந்தான். கூலியைப் பற்றி அந்த அக்கா மனசு விட்டுப் பேசியிருந்தார். "அண்ணே, முகத்தை மறைச்சுப் போட்டா அது சாட்சியா, பாதிச் சாட்சியா?" என்று கேட்டான்.

அந்த ஊரில் இது வெறும் பாடப்புத்தகக் கேள்வி இல்லை. 2018 மே 22, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன மக்கள்மீது போலீஸ் சுட்டது. அன்றும் மறுநாளுமாக நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் செத்துப்போனார்கள். மஞ்சள் டீ-ஷர்ட் போட்ட ஒருவர் போலீஸ் வேன்மேல் ஏறித் துப்பாக்கியால் குறி பார்க்கும் வீடியோ நாடு முழுக்கப் பரவியது. அந்தச் சில நொடிகள் இல்லையென்றால் 'கூட்டத்தைக் கலைக்கத்தான் சுட்டோம்' என்ற பேச்சை இத்தனை பேர் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையத்தையே நிறுத்தினார்கள்.

அப்போ எல்லாத்தையும் காட்டிடணுமா? அங்கேதான் சிக்கல். சுட்டவரைக் காட்டும் அதே ஃப்ரேமில் ஊர்வலத்தில் வந்தவர்களின் முகமும் இருக்கும். போராட்டக்காரர்கள் பலர்மீது வழக்குகள் பாய்ந்தன. அவற்றில் பலவற்றை அரசு திரும்பப் பெற 2021 வரை ஆனது. கேமரா ஆள் பார்த்துப் பதிவதில்லை. ஆள் பார்க்க வேண்டியது நாம்தான். மக்கள் வரிப்பணத்தில் துப்பாக்கி வாங்கியவரின் செயல் பொது விஷயம். கோஷம் போட வந்தவரின் முகம் அவருடையது.

இந்தக் கடற்கரையில் முத்துக் குளித்த காலத்தில், கல்லின் கனத்தில் ஒருவர் அடியில் இறங்க, தோணியில் ஒருவர் கயிறு பிடித்திருப்பார். கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. தங்கச்சி தாலி அறுவதற்கு அவன் சம்மதிக்க மாட்டானே! பேட்டியிலும் மூச்சடக்கி இறங்குவது பேசுகிறவர்தான். நாம் தோணியில் நிற்கிறோம்.

மறைத்தால் 'ஜோடிச்சது' என்பார்களே என்றான். அதற்குத்தான் அசல் கோப்பில் கை வைக்காமல் தனியாகப் பத்திரப்படுத்துவது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் வீடியோ சுருங்கும், எடுத்த நேரம், இடம் போன்ற விவரங்களும் போய்விடும். அசல் சாட்சிக்கு, முகம் மறைத்த பிரதி ஊருக்கு. முகத்தை மட்டும் மறைத்தால் போதாது. குரலும் பின்னால் தெரியும் பாத்தியும்கூட ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் நாமே முடிவெடுத்து மறைப்பதும் ஒருவகை அதிகாரம்தான். 'என் மூஞ்சியோடயே போடு, நான் என்ன திருட்டா பண்ணுனேன்?' என்று அந்த அக்கா சொல்லலாம். கேமராவுக்கு முன்னால் பேசியதே சம்மதம் ஆகிவிடாது. நாளைக்கு அதை முதலாளி பார்ப்பார், வேலை போகலாம் என்று தெரிந்த பிறகும் சொல்வதுதான் சம்மதம்.

தம்பி கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். "நாளைக்கு அளத்துக்குப் போறேண்ணே. அக்காகிட்ட வீடியோவப் போட்டுக் காட்டிட்டுக் கேக்குறேன். வேண்டாம்னா அழிச்சிருதேன்."