மணலில் எழுதியது

தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் என் கண் தேடுவது, இன்று இல்லாத முன்மண்டபத்தைத்தான். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில். முன்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் கொண்டுபோய்விட்டது. அலையைத் தடுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். இங்கே கிடைத்த கல்வெட்டு, ஊரைச் சடங்கன்பாடி என்கிறது. அழியக் கூடாதென்றுதான் கல்லில் வெட்டினார்கள்.

கரையோரமாகவே நடந்தால் டேனிஷ் கோட்டை. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன்னோலை எழுதினார். மிளகுக்காகக் கடல் தாண்டி வந்த ஓவே கெட்டே இங்கே கோட்டைக்கு அடி போட்டார். அந்த ஓலை கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. ஊரோ, 1845-இல் வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விலைபோனது. கடலோடிகளையும் நெசவாளிகளையும் யார் கேட்டிருப்பார்கள்? நினைக்கும்போது இன்றும் மனம் பொறுக்கவில்லை.

கல்லும் பொன்னும் போக, மணலிலும் இங்கே ஒருவர் எழுதினார். 1706 ஜூலை 9 அன்று வந்திறங்கிய ஜெர்மானிய இளைஞர் சீகன்பால்கு. திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரச்சொல்லி, அந்தச் சிறுவர்கள் நடுவே தரையில் உட்கார்ந்து விரலால் மணலில் எழுதிப் பழகினார். வந்தது மதம் பரப்பத்தான், அதை மறைப்பானேன்? ஆனால் பேச வந்தவர் முதலில் மாணவராக உட்கார்ந்தார். டேனிஷ் தளபதியோடு மோதல் முற்றி, அதே கோட்டையில் நான்கு மாதம் சிறையிருந்தார். பிறகு அச்சகம் வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து தாளை விழுங்கின. இங்கேயே சிறியனவாக வார்த்துக்கொண்டார்கள். 1715-க்குள் புதிய ஏற்பாடு முழுதும் தமிழில் அச்சேறியது.

ஊரைக் கொடுத்தவர் கையிலும் அது நிற்கவில்லை, வாங்கியவர் கையிலும் நிற்கவில்லை. கொடுத்தவரிடம் குறையாமல் வாங்கியவரிடம் வளர்ந்தது எழுத்து ஒன்றுதான்.

சீகன்பால்குக்கு ஊரில் சிலை இருக்கிறது. 1718-இல் அவர் கட்டிமுடித்த புதிய எருசலேம் ஆலயம் இன்றும் ராஜா வீதியில் நிற்கிறது. அவரும் அதற்குள்ளேயே உறங்குகிறார். அந்த ஆலய வாசலில் நின்றால் என் நினைவு வாத்தியாரிடம் போய்விடுகிறது. மணலைப் பரப்பி, சமன்செய்து, பிழையாக வந்த எழுத்தை உள்ளங்கையால் அழித்து, இன்னொரு முறை எழுதச் சொல்லியிருப்பார்.