வக்ஃபும் ஹீலாவும்

ஊருக்கென வக்ஃபு செய்யப்பட்ட கிணற்றில், "நீர் மொள்ளலாம், பிறருக்கு ஈந்தால் நாளை வராதே" என்று காவலர் சொன்னால் நம் இலுப்பூர் மக்கள் ஏற்பார்களா?

கணினி உலகில் இதுவே நிகழ்கிறது. 1989-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் வகுத்த குனூ பொது உரிமம், மென்பொருளின் மூல வரிகளைத் திருத்தவும் பகிரவும் பெற்றவருக்கு உரிமை தந்தது. அவ்வுரிமத்தின்கீழ் வந்த லினக்ஸை வைத்து வணிகம் செய்யும் ரெட் ஹேட் நிறுவனம், தன் வணிகப் பதிப்பின் மூல வரிகளை எல்லோருக்கும் பொதுவில் வைப்பதை 2023-இல் நிறுத்தியது. வாடிக்கையாளர் பெறலாம், பகிர்ந்தால் ஒப்பந்தம் முறியலாம்.

உழைக்காமல் நகலெடுப்போர்க்கே இத்தடை என்பது அந்நிறுவனத்தின் வாதம். கிணற்றைப் பேணுவோர் கூலி பெறுவது ஹலாலே. அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நிபந்தனையின் எழுத்தைக் காத்து, அதன் நோக்கத்தை முறிப்பது ஹீலா அன்றோ? செயலுக்கு உயிர் நிய்யத்து. காவலர் கூலி பெறட்டும். அண்டை வீட்டாருக்கு நீர் ஈந்தவனைத் தண்டிக்க அவருக்கு உரிமை ஏது?