வாயும் வயிறும்

‘தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு’ என்ற பழமொழியை நம்மவர்கள் பெரும்பாலும் கசப்போடுதான் சொல்லுகிறார்கள். உறவாவது ஒன்றாவது, அவனவன் பாடு அவனவனுக்கு என்று அலுத்துக்கொள்ளும்போது அது தானாக வாயில் வந்துவிடுகிறது. ஆனால் அதில் கசப்பைத் தவிர வேறு பொருளே கிடையாதா? தீவுகளுக்கிடையே கடலடியில் மின்சாரம் கொண்டுபோகும் விதத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு இந்தச் சந்தேகம் வந்தது.

நம் வீடுகளில் விளக்கு எரிவது மாறு மின்சாரத்தில். விநாடிக்கு 50 முறை அது போய்த் திரும்புகிறது. ஒரே தொகுப்பில் சேர்ந்த மின் நிலையங்கள் அத்தனையும் இந்தத் துடிப்பு பிசகாமல் ஒன்றாகச் சுழல வேண்டும். எங்கள் கான்சாபுரத்துப் பக்கம் முன்பெல்லாம் களத்தில் பிணையல் மாடுகளை விட்டுக் கதிரை மிதிக்கச் செய்வார்கள். ஒரு மாடு தளர்ந்தால், யாரும் சொல்லாமலே மற்ற மாடுகள் அதையும் இழுத்துக்கொண்டு நடக்கும். ஒன்று விழுந்துவிட்டாலோ மற்றவையும் தடுமாறும். மாறு மின்சாரத்தின் தர்மமும் அதுவே.

இந்த மின்சாரத்தைக் கடலடிக் கேபிளில் நெடுந்தூரம் அனுப்ப முடிவதில்லை. திசை மாறும் ஒவ்வொரு தடவையும் கேபிளையே நிரப்பிக் காலி செய்ய வேண்டியிருப்பதால், வேலைக்கு என்று மிஞ்சுவது குறைந்துகொண்டே போகிறது. ஆகவே ஒரு கரையில் அதை ஒரே திசையில் ஓடும் நேர் மின்சாரமாக மாற்றி, உயர்ந்த அழுத்தத்தில் அனுப்பி, மறு கரையில் திரும்பவும் மாறு மின்சாரமாக்குகிறார்கள். ஸ்வீடன் 1954-இல் காட்லாந்து தீவுக்கு இப்படி 20 மெகாவாட் அனுப்பத் தொடங்கியது. 1965-இல் நியூஸிலாந்தின் தெற்குத் தீவு நீர்மின்சாரம் வடக்குத் தீவுக்குப் போகத் தொடங்கியதும் இதே வழியில்தான். இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. இணைந்த பிறகும் இரண்டு கரைகளும் தத்தம் துடிப்பை விட வேண்டியதில்லை. எவ்வளவு போக வேண்டும், எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை மட்டும் பேசி வைத்துக்கொண்டால் போதும்.

கடல் இல்லாமலே நாமும் ஒரு காலத்தில் தீவாக இருந்தோம். 2013 டிசம்பர் 31 வரை தென்னிந்திய மின் தொகுப்புக்கும் வடக்குக்கும் பெரிய அளவில் தொடர்பு நேர் மின்சாரத்தின் வழியாகத்தான். 2012 ஜூலை 30-லும் 31-லும் வட மாநிலங்களின் தொகுப்புகள் சரிந்தன. இரண்டாம் நாள் சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதிகள் இருண்டன. தெற்கு விழவில்லை, பிணையலில் நம் கழுத்து இல்லை.

உடனே ‘தனித்திருப்பதே நலம்’ என்று சொல்லிவிடலாமா? அதுதான் முடியாது. அதே 2012-இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி வாட்டியது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வடக்கிலிருந்து வேண்டிய அளவு மின்சாரம் கொண்டுவர வழிகள் போதவில்லை. நம்மை விழாமல் காத்த அந்தத் தனிமை, நம் வயிறு நிறையவும் விடவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. பிணையலில் ஒருவன் தளர்ச்சி மற்றவனுக்குத் தானே தெரிந்துவிடுகிறது. நேர் மின்சார இணைப்பில் அப்படித் தானாகத் தெரிவதில்லை. அதற்கென்று ஏற்பாடு செய்துவைக்க வேண்டும்; அல்லது யாராவது பார்த்து, முடிவு செய்து, கூட்டி அனுப்ப வேண்டும். முதலாவது இரத்த பாசம் போல. இரண்டாவது அறிந்து செய்கிற உதவி. இவற்றில் எது உயர்ந்தது?

பாசம்தான் உயர்ந்தது என்று நம் கதைகள் எல்லாம் சொல்லும். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். ஆனால் அண்ணன் கடனில் மூழ்கும்போது தானும் கையெழுத்துப் போட்டு மூழ்கிய தம்பிகளை எங்கள் ஊரில் கண்டிருக்கிறேன். தனி உலை வைத்து, கிணற்றுத் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சி, பயிர் வாடும்போது தன் முறையை மற்றவனுக்கு விட்டுக்கொடுத்த சகோதரர்களையும் கண்டிருக்கிறேன். கொடுத்தவன் நின்றதால்தான் வாங்கியவனும் நின்றான்.

2025 பிப்ரவரி 9-ஆம் தேதி, பாணந்துறைத் துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றதாக அந்நாட்டு அமைச்சர் சொன்னார். ஏப்ரல் 5-ஆம் தேதி, இரு நாடுகளையும் நேர் மின்சாரத்தால் இணைப்பதற்கான ஒப்பந்தக் குறிப்பு கொழும்பில் கையெழுத்தாயிற்று. ‘பெரியவன் கையில் சாவியைக் கொடுப்பதா?’ என்று சின்னத் தீவில் ஒருவர் அஞ்சினால், அதை நன்றியில்லாத பேச்சு என்று நான் சொல்ல மாட்டேன். அறிந்து கொடுக்கிறவனால் அறிந்தே நிறுத்தவும் முடியும் அல்லவா?

ஆகையால் இந்த உறவில் ஒழுக்கத்தின் பாரம் முழுவதும் சுவிட்சின் அருகே இருப்பவன் மேல் விழுகிறது. அவன் கோபத்தில் அதைத் தொடலாகாது. கொடுத்ததைச் சொல்லிக் காட்டலாகாது. தனக்குக் குறையும் நாளில் அந்தக் கரையிலிருந்து வாங்கிக்கொள்ளவும் கூச்சப்படலாகாது. மூன்றாவதுதான் கடினம். கொடுக்கத் தெரிந்தவர்கள் நம்மில் அநேகர். வாங்கத் தெரிந்தவர்கள் சிலரே. கேபிளுக்கு அந்தக் கர்வம் கிடையாது. எந்தப் பக்கம் பசியோ அந்தப் பக்கம் ஓட அது தயாராக இருக்கிறது.